தெய்வப்படமும் கடைப்பெயரும்

1894ஆம் ஆண்டு ஓவியர் இரவிவர்மா பம்பாயில் கல்லச்சுக்கூடம் ஒன்றை நிறுவினார். ஒவ்வொரு வண்ணத்திற்கும் தனிக்கல் அமைத்து, ஒன்றன்மேல் ஒன்றாகப் பதிக்கும் முறை அது. அரண்மனைச் சுவர்களை அணிசெய்த திருமகளும் கலைமகளும் அதனால் எளியோர் இல்லம் புகுந்தனர். கோயில் வாயிலில் தடுக்கப்பட்டோரும் தம் வீட்டிலேயே தெய்வத்தைக் கண்டு தொழுதனர்.

வணிகர் இதனை நன்கு உணர்ந்தனர். சவர்க்காரமும் மருந்தும் விற்போர், திருவுருவின் கீழே தம் பெயரைப் பொறித்து நாட்காட்டியாக வழங்கலாயினர். பின்னர் கோவில்பட்டி ஓவியர் கொண்டைய ராஜு (1898–1976) தீட்டிய படங்களைச் சிவகாசி அச்சகங்கள் ஊரெங்கும் பரப்பின.

அங்ஙனமாயின், விளம்பரம் வழிபாட்டை விழுங்கிவிட்டதோ? தெமட்டகொடையில் நான் கண்ட இல்லங்கள் வேறு விடை பகர்கின்றன. ஆண்டு முடிந்ததும் கடைப்பெயரைக் கத்தரித்தெறிந்து, படத்தை மட்டும் கண்ணாடிச் சட்டமிட்டு மாட்டுகின்றனர். வணிகன் ஈந்த தாளில் எது நிலைக்கவேண்டுமென்பதை வீட்டாரே தீர்மானிக்கின்றனர்.