கிள்ளான் கோரிக்கைகளும் மக்கள் தொடர்புக் கல்வியும்: 1941ஆம் ஆண்டுப் பட்டியல் குறித்து ஒரு மறுவாசிப்பு

மலேசியாவில் மக்கள் தொடர்புத் துறை வளர்ந்த கதையை மாணவருக்குச் சொல்லும் பாடங்கள் பெரும்பாலும் அரசு அலுவலகத்திலிருந்தே தொடங்குகின்றன. 1946இல் மலாயன் யூனியன் ஆட்சியில் மெர்வின் ஷெப்பர்டு பொறுப்பேற்ற மக்கள் தொடர்பு இலாகா, அதே ஆண்டில் தோன்றிய மலாயா திரைப்படப் பிரிவு, 1948க்குப் பிந்தைய அவசரகாலப் பிரசாரம், 1962இல் மலேசிய மக்கள் தொடர்புக் கழகம், 1972இல் மாரா தொழில்நுட்பக் கழகத்தின் பொதுமக்கள் தொடர்பியல் பள்ளி என்று அந்த வரிசை நீள்கிறது. தோட்டத் தமிழர் இதில் ஓர் இடத்தில் மட்டுமே தலைகாட்டுவர். ஒலிபெருக்கி வண்டி வந்து நிற்கும் தோட்டத் திடலில், படம் பார்க்கக் கூடிய கூட்டமாக.

இந்தத் தொடக்கப் புள்ளி பிழையானது என்பது இக்கட்டுரையின் வாதம். இலாகா பிறப்பதற்கு ஐந்து ஆண்டுகளுக்கு முன்பே, 1941இல், கிள்ளான் வட்டாரத் தோட்டத் தொழிலாளர் வேலைநிறுத்தத்தின்போது முன்வைத்த பன்னிரண்டு கோரிக்கைகளில் மக்கள் தொடர்பைப் பற்றிய தெளிவான சிந்தனை இருக்கிறது. அதை அவ்வாறு வாசிக்கத் தவறியதால், தோட்டப் பின்புலத்திலிருந்து இத்துறையில் சேரும் மாணவரைப் பற்றிய நம் மதிப்பீடும் கோணலாகிவிட்டது.

பட்டியலில் உள்ளவை

சீனத் தொழிலாளருக்கு இணையான கூலி, கொடுமை செய்யும் தோட்ட அலுவலரை நீக்குதல், பிள்ளைகளுக்கு முறையான கல்வி, பெண் தொழிலாளர்மீதான பாலியல் கொடுமைக்கு முடிவு, மருத்துவ வசதி, கள்ளுக்கடை மூடல், பேச்சுரிமையும் கூட்ட உரிமையும், உறவினரும் நண்பரும் தடையின்றித் தோட்டத்துக்குள் வர அனுமதி, துரைக்கும் ஆசிய அலுவலருக்கும் முன்னால் மிதிவண்டியிலிருந்து இறங்காமல் செல்லும் உரிமை, பத்துப் பன்னிரண்டு மணி நேர வேலை ஒழிப்பு, குறைகளை எடுத்துச் சொல்பவரைப் பழிவாங்காமை, சங்கம் அமைக்க அனுமதி. ஆய்வாளர் கையில் புழங்குவது ஆங்கில வடிவம் என்பதாலும், அது அதிகாரிகளின் கோப்புகளைக் கடந்து வந்தது என்பதாலும், கோரிக்கைகளின் வரிசையையோ சொல்லாட்சியையோ நான் சான்றாகக் கொள்ளவில்லை. உள்ளடக்கத்தை மட்டும் கொள்கிறேன்.

முந்தைய ஆய்வுப் போக்கு இப்பட்டியலை இரண்டு விதமாகப் படித்தது. ஒன்று, கூலிப் போராட்டத்தின் விரிவாக. மற்றொன்று, இந்திய தேசியத்தின் எதிரொலியாக. 1936இல் மலாயா மத்திய இந்தியர் சங்கம் தோன்றியதும், 1937இல் நேரு மலாயா வந்து சென்றதும் இரண்டாவது வாசிப்புக்கு வலுச் சேர்க்கின்றன. இரண்டிலும் உண்மை உண்டு. ஆனால் இரண்டுமே பட்டியலின் மூன்றில் ஒரு பகுதியை உதிரிகளாகத் தள்ளிவிடுகின்றன.

எண்ணிப் பார்த்தால் இது விளங்கும். கூலியைப் பற்றிய கோரிக்கை ஒன்றே ஒன்று. யார் யாரிடம் பேசலாம், பேசினால் என்ன நேரும் என்பதைப் பற்றியவை நான்கு: பேசவும் கூடவும் உரிமை, உறவினரும் நண்பரும் உள்ளே வரும் உரிமை, குறை சொன்னவரைப் பழிவாங்காமை, சங்கம். கூட்ட உரிமையையும் சங்க உரிமையையும் ஒன்றாகவே கருத வேண்டும் என்று ஒருவர் வாதிடலாம். அப்போதும் மூன்று மிஞ்சும். கூலி ஒன்றாகவே நிற்கும்.

இந்த நான்கில் உறவினர் வருகையைப் பற்றியது எளிய மனிதாபிமான வேண்டுகோளாகவே இதுவரை கடந்து செல்லப்பட்டிருக்கிறது. தோட்டம் தனியார் சொத்து. வெளியாள் நுழைய நிர்வாகத்தின் சம்மதம் வேண்டும். பக்கத்துத் தோட்டத்திலிருந்து வரும் மைத்துனன் பலகாரத்தை மட்டும் கொண்டுவருவதில்லை. அங்கே என்ன கூலி, எந்தக் கிராணி எப்படி, யார் வேலையை விட்டு நீக்கப்பட்டார் என்ற செய்திகளும் அவனுடன் வருகின்றன. வருகையைத் தடுப்பது லயத்துக்கும் லயத்துக்கும் இடையிலான செய்திப் போக்கையே தடுப்பதாகும். தொழிலாளர் இதை அறிந்தே கேட்டனர் என்று கொள்வது பட்டியலின் பிற கோரிக்கைகளோடு பொருந்துகிறது.

மக்கள் தொடர்பு மாணவர் அனைவரும் படிக்கும் கிரூனிக், ஹன்ட் ஆகியோரின் நூல் 1984இல் வெளிவந்தது. அது வகுத்த நான்கு மாதிரிகளில் உயர்ந்ததாகப் போற்றப்படுவது இருவழிச் சமநிலைத் தொடர்பு. நிறுவனமும் மக்களும் ஒருவர் சொல்வதை ஒருவர் கேட்டு, இரு தரப்பும் மாறத் தயாராக இருப்பதே அதன் சாரம். அத்தகைய தொடர்புக்கு முன் நிபந்தனைகள் எவை? சொல்பவருக்கு அச்சமின்மை, கூடிப் பேச இடம், பேசுவதற்கு ஒரு பிரதிநிதி, செய்தி வந்து போக வழி. கிள்ளான் பட்டியலின் நான்கு கோரிக்கைகளும் இவையே. கோட்பாடு எழுதப்படுவதற்கு 43 ஆண்டுகளுக்கு முன்பு, அதற்கான நிபந்தனைகளைப் பால்மரம் வெட்டியவர்கள் கேட்டுவிட்டனர்.

மிதிவண்டி

மிதிவண்டிக் கோரிக்கையைத் தனியே எடுத்துக்கொள்ள வேண்டும். தோட்டச் சாலையில் துரை எதிர்ப்பட்டால் தொழிலாளி மிதிவண்டியிலிருந்து இறங்கி ஓரமாக நிற்க வேண்டும் என்பது அன்றைய வழக்கம். கோரிக்கை வெள்ளைத் துரையோடு நிற்கவில்லை. ஆசிய அலுவலரையும் சேர்த்தே சொல்கிறது. அந்தச் சேர்க்கை, இனத்தை மட்டும் வைத்துப் பட்டியலை விளக்குவோருக்கு இடறலாக இருக்கிறது. அன்றாடம் பிரட்டுக்களத்தில் பெயர் கூப்பிட்டவரும், வேலையைக் குறித்துக்கொண்டவரும், குறையை மேலே சொல்லக்கூடியவரும் அந்த அலுவலரே. தொழிலாளிக்கு நிர்வாகத்தின் முகம் அவர்தான். இன்றைய பாடத்தின் மொழியில், நிறுவனத்துக்கும் மக்களுக்கும் இடையே நிற்கும் ஆள் அவர்.

இக்கோரிக்கையை ஏற்க நிர்வாகத்துக்கு ஒரு காசு செலவில்லை. ரப்பரின் விலையோடும் இதற்குத் தொடர்பில்லை. இருந்தும் இது ஒரு வேலைநிறுத்தப் பட்டியலில் எழுதப்பட வேண்டியிருந்தது. உறவு என்பது தோட்டத்தில் எந்த இடத்தில் தினமும் நிகழ்ந்தது என்பதை இதைவிடத் தெளிவாக எந்த ஆவணமும் காட்டவில்லை. செலவில்லாத ஒன்றை மறுக்கும் நிறுவனம் எதைக் காக்கிறது என்ற கேள்வியை மாணவர் முன் வைக்க இதனினும் சிறந்த எடுத்துக்காட்டு எனக்குத் தெரியவில்லை.

நாதனின் கை

பட்டியலின்மீது எழுப்பப்படும் வலுவான ஐயம் அதன் ஆசிரியர் பற்றியது. அதை எழுதியவராகக் கருதப்படும் ஆர். எச். நாதன் தமிழ் நேசன் இதழில் பணியாற்றியவர், கிள்ளான் வட்டார இந்தியர் சங்கத்தின் முன்னணியில் நின்றவர். ஆகவே இது படித்த நகரத்து மனிதரின் ஆவணம். தொழிலாளர் அதற்குக் கையாட்களே என்பது வாதம். அன்றைய அதிகாரிகளின் நிலைப்பாடும் ஏறத்தாழ இதுவே.

நாதன் எழுதினார் என்பதையே ஒப்புக்கொள்வோம். மற்றவர் சார்பில் எழுதுவது மக்கள் தொடர்பின் அடிப்படைத் தொழில். அதனால் ஆவணத்தின் மதிப்புக் குறையாது. பார்க்க வேண்டியது, அவர் எழுதியதைத் தொழிலாளர் தமதாகக் கொண்டார்களா என்பது. 1941 மே மாதம் நாதன் கைது செய்யப்பட்டதும் அவரை விடுவிக்கக் கோரி வேலைநிறுத்தம் பரவியது, சிலாங்கூரில் அவசரநிலை அறிவிக்கப்பட்டது, படை இறக்கப்பட்டது, தொழிலாளர் சுட்டுக் கொல்லப்பட்டனர், நாதன் இந்தியாவுக்கு நாடு கடத்தப்பட்டார். தம் சொல்லைச் சொன்னவருக்காகவே மக்கள் உயிரைப் பணயம் வைப்பர். மேலும், மிதிவண்டியிலிருந்து இறங்கும் இழிவு பத்திரிகை அலுவலக மேசையில் உதித்த கருத்தாக இருக்க முடியாது. அது தோட்டச் சாலையில் பட்டறிந்தவர் சொல்லித்தான் பட்டியலேறியிருக்க வேண்டும்.

வேலைநிறுத்தத்தை மக்கள் தொடர்பு என்று அழைப்பது காலமுரண் என்பாரும் உண்டு. எட்வர்ட் பெர்னேஸ் நியூயார்க் பல்கலைக்கழகத்தில் இத்துறையில் பாடம் நடத்தியது 1923இல். அமெரிக்க நிறுவனத்துக்குப் பொருந்தும் சொல் பதினெட்டு ஆண்டு கழித்துக் கிள்ளானுக்குப் பொருந்தாது என்பதில் நியாயம் எதுவும் எனக்குத் தென்படவில்லை.

சிரம்பானும் வகுப்பறையும்

கிள்ளானில் கேட்கப்பட்ட அந்த நான்கில் கடைசியான சங்கம் போருக்குப் பின் பல இடங்களில் நிறைவேறியது. அவற்றுள் முக்கியமான ஒன்று சிரம்பான். பி. பி. நாராயணன் நெகிரி செம்பிலான் இந்தியர் தொழிற்சங்கத்தில்தான் தம் பொதுவாழ்வைத் தொடங்கினார். 1954இல் உருவான தேசியத் தோட்டத் தொழிலாளர் சங்கத்தை நெடுங்காலம் வழிநடத்தியவரும் அவரே. மனு எழுதுவதும், நிர்வாகத்தோடு பேசி முடிப்பதும், முடித்ததைத் தோட்டத்துக்கு வந்து விளக்குவதும் இம்மாநிலத் தமிழருக்குப் புதியவை அல்ல.

இப்பின்னணியோடு லோபாக்கைப் பார்க்க வேண்டும். சிரம்பானின் இப்பகுதியிலுள்ள தமிழ்ப்பள்ளியில் தொடங்கி, இடைநிலைப்பள்ளியில் மலாய், கல்லூரியில் ஆங்கிலம் என்று ஏறிச் செல்லும் மாணவருக்கு மக்கள் தொடர்புப் பட்டம் எளிதில் எட்டுவதில்லை. மாரா கழகத்தின் வழிவந்த பல்கலைக்கழகம் பூமிபுத்ராக்களுக்கு உரியது. எஞ்சியவை எஸ்.டி.பி.எம். தேர்வு வழி பிற அரசுப் பல்கலைக்கழகங்கள், 2002இல் தொடங்கிய துங்கு அப்துல் ரகுமான் பல்கலைக்கழகம், தனியார் கல்லூரிகள். தனியார் கல்லூரி என்றால் பெரும்பாலும் பி.டி.பி.டி.என். உயர்கல்விக் கடனும் கூடவே வரும். சேர்ந்த பின் அவரைப் பற்றி ஒரு போக்கினர் எழுதுவது குறைகளின் பட்டியல்: ஆங்கிலம் போதாது, மேடையில் தயங்குகிறார், தொழில்முறைப் பழக்கம் இல்லை.

ஆங்கிலம் போதாமை உண்மையாக இருக்கும் இடத்தில் அதைச் சீர்செய்ய வேண்டும். அதில் எனக்கு மாற்றுக் கருத்தில்லை. ஆனால் அரசு இலாகாவிலிருந்து வரும் மலாய்க் கடிதத்தைத் தாய் தந்தைக்குத் தமிழில் விளக்கி, பதிலையும் எழுதித் தந்து வளர்ந்த பிள்ளை, இரு தரப்புக்கு இடையே நின்று பேசும் வேலையைப் பதின்ம வயதிலேயே செய்திருக்கிறது. பாடத்திட்டம் அதை அறிவாகக் கணக்கிடுவதில்லை. காரணம், பயிற்சிகள் மாணவரை எப்போதும் நிறுவனத்தின் நாற்காலியில் உட்காரவைக்கின்றன. பத்திரிகை அறிக்கை நிறுவனத்துக்காக, நெருக்கடிக்காலத் திட்டம் நிறுவனத்துக்காக, நிகழ்ச்சி ஏற்பாடும் நிறுவனத்துக்காக.

கிள்ளான் பட்டியலைப் பாடமாக வைத்தால் இந்த நாற்காலி நகரும். மூன்று பணிகள் போதும். முதலில், தோட்ட முதலாளிகள் சார்பில் பன்னிரண்டு கோரிக்கைகளுக்கும் பதில் அறிக்கை எழுதட்டும். அடுத்து, அந்த அறிக்கையைப் படித்த தொழிலாளர் சார்பில் மறுகடிதம் எழுதட்டும். கடைசியாக, இரண்டையும் பக்கத்தில் வைத்து, எந்தக் கோரிக்கைக்கு எழுதுவது கடினமாக இருந்தது என்று விளக்கட்டும். கூலிக்கும் மருத்துவத்துக்கும் பதில் எழுதப் பாடநூல் உதவும். மிதிவண்டிக்குப் பாடநூலில் விடை இல்லை; உறவைப் பற்றி மாணவர் தாமே யோசிக்க வேண்டும்.

இது தமிழ் மாணவருக்கு மட்டும் செய்யும் சலுகை அன்று. மலாய், சீன மாணவரும் தம் துறையின் வரலாற்றை அலுவலகத்திலிருந்து மட்டும் கற்பது முழுமையாகாது. மலேசிய மக்கள் தொடர்பு வரலாற்றுப் பாடம் 1946இல் அன்றி 1941இல் தொடங்க வேண்டும். அதன் முதல் வாசிப்பு கிள்ளான் பட்டியலாக இருக்க வேண்டும். அப்படி மாறினால், லோபாக்கிலிருந்து வரும் மாணவர் தம் தாத்தா பாட்டி தலைமுறையைத் திரைமுன் கூடிய கூட்டமாக அல்லாமல், இத்துறையின் அடிப்படைக் கேள்விகளை முதலில் கேட்டவர்களாகப் படிப்பார். வரலாறு அப்படித்தான் நடந்தது என்பதே இம்மாற்றத்துக்குப் போதுமான காரணம்.