ஃபோர்டு தாத்தாவின் பிடிவாதம்

நாலு சக்கரத்தையும் ஒரே நேரத்தில், சரியான அளவில் பிடித்து நிறுத்த வேண்டும். காரில் பிரேக்குக்கு வேலை அவ்வளவுதான். கேட்க எளிதாக இருக்கிறது, இல்லையா?

ஹென்றி ஃபோர்டின் கார்களில் இந்த வேலையை இரும்புக் கம்பிகளும் நெம்புகோல்களும் செய்தன. பெடலை மிதித்தால் கம்பி இழுக்கும். டிரம்முக்குள் பிரேக் ஷூ விரிந்து உரசும். ஒரு கம்பியின் நீளம் கொஞ்சம் பிசகினாலும் போச்சு! ஒரு பக்கச் சக்கரம் முந்திக்கொண்டு பிடிக்க, வண்டி அந்தப் பக்கமாக இழுக்கும்.

மாற்று வழி இல்லாமல் இல்லை. 1921-லேயே டூசன்பெர்க் காரில் ஹைட்ராலிக் பிரேக் வந்துவிட்டது. குழாயில் அடைத்த திரவத்தை ஓரிடத்தில் அழுத்தினால், அழுத்தம் எல்லாப் பக்கமும் சமமாகப் பரவும். பள்ளிக்கூடத்தில் பாஸ்கல் விதி என்று உருப்போட்டோமே, அதேதான். 1924-ல் கிரைஸ்லர், 1936-ல் செவர்லே என்று வரிசையாக மாறினார்கள். ஃபோர்டு மட்டும் மசியவில்லை. பெடல் முதல் சக்கரம் வரை எஃகு, அதுதான் பாதுகாப்பு என்று அவருடைய கம்பெனி விளம்பரமே செய்தது. மனுஷர் இறங்கி வந்தது 1939 மாடலில்தான். அப்போது வயது 75!

அதற்குள் சந்தையில் லட்சக்கணக்கான பழைய ஃபோர்டுகள். அதிலும் 1932 மாடலில் 65 குதிரைசக்தி வி-8 இன்ஜின். கலிஃபோர்னியா இளவட்டங்களுக்கு அது அல்வா மாதிரி. செகண்ட் ஹாண்டில் வாங்கி, மட்கார்டைக் கழற்றி எறிந்து, இன்ஜினை முறுக்கேற்றி, மியூராக் என்ற வறண்ட ஏரியில் பறந்தார்கள். அந்த ஏரி ராணுவத்தின் கைக்குப் போனபிறகு, போர் முடிந்ததும் எல் மிராஜ் ஏரி. அங்கே பிரேக் பெரிய கவலையில்லை. ஓடி ஓய மைல் கணக்கில் இடம் கிடக்கிறது. ஆனால் லாஸ் ஏஞ்சல்ஸிலிருந்து அங்கே போக மலை ஏறி இறங்க வேண்டுமே? பலரும் போனது அதே காரில்தான்!

பையன்கள் நேராகக் காயலான்கடைக்குப் போனார்கள். கம்பெனி தராததை அங்கே நொறுங்கிக் கிடந்த புது மாடல் ஃபோர்டுகளிலிருந்து கழற்றினார்கள். இதில் ஒரு வேடிக்கை. ஹைட்ராலிக் பிரேக் வந்த 1939 காரில், சக்கரத்தை மாட்டும் ஐந்து போல்ட்டுகள் 10¼ அங்குல வட்டத்தில் பரந்து நின்றன. பழைய சக்கரத்துக்கோ 5½ அங்குல வட்டம். பொருந்தவே பொருந்தாது. மறு வருஷமே ஃபோர்டு மறுபடி 5½-க்குத் திரும்பிவிட்டது. அதிர்ஷ்டம்! 1940 மாடலின் ஹப், டிரம், முன்சக்கர ஸ்பிண்டில் எல்லாவற்றையும் அப்படியே தூக்கி 1932-ல் மாட்டலாம். பெடலுக்குப் பக்கத்தில் மாஸ்டர் சிலிண்டருக்கு ஓர் இடம் பண்ணிவிட்டு, கம்பிகளைக் கடாசிவிட்டுக் குழாய் இழுத்தால் தீர்ந்தது.

தீர்ந்ததா? போல்ட் ஓட்டை சேர்ந்துவிட்டால் சக்கரம் சேர்ந்துவிட்டது என்றுதான் நீங்களும் நினைப்பீர்கள். பழைய ஃபோர்டின் கம்பிச் சக்கரம் போல்ட்டின் பிடியில் மட்டும் நிற்பதல்ல. அதன் நடுப்பகுதியின் வெளிவிளிம்பு, பழைய டிரம்மின் முகத்தில் அகலமாகச் சாய்ந்து உட்காரும். புது டிரம்மில் அந்த இடத்தில் தாங்கல் கிடையாது. அப்படியே முடுக்கினால் சக்கரத்தின் மையத் தகடு வளையும். வளைந்து வளைந்து ஒருநாள் விரிசல் விடும். மலைப்பாதையில் விரிசல் விட்டால்? பிரேக் எவ்வளவு நல்லதாக இருந்து என்ன பிரயோஜனம்!

மருந்து ரொம்பச் சின்னது. டிரம்முக்கும் சக்கரத்துக்கும் நடுவே, காலியாக நிற்கும் விளிம்பைத் தாங்க ஓர் இரும்பு வளையம். 1940 மாடல் அளவில் டிரம்களை இன்றைக்கும் புதிதாகச் செய்து விற்கிறார்கள். கம்பிச் சக்கரம் மாட்டப் போகிறவர்களுக்கு அந்த வளையமும் தனியாகக் கிடைக்கிறது.