மரக் கிண்ணத்தில் சாப்பிடலாமா? மேல் பூச்சு என்னன்னு முதல்ல பாருங்க!

கண்காட்சியில் பார்த்ததும் பிடித்துப்போய் கைவினை மரக் கிண்ணம் ஒன்றை வாங்கிவிட்டீர்கள். அதில் சூடா ரசம் ஊத்தலாமா? மேலே என்ன பூசியிருக்கிறார்கள் என்பதைப் பொறுத்தது அது.

தேங்காய் எண்ணெய் தடவினால் போதாதா?

நம்ம வீட்டில் முதலில் கை போவது அதற்குத்தான். ஆனால் சமையல் எண்ணெய்கள் பெரும்பாலும் மரத்துக்குள் காய்ந்து இறுகுவதில்லை. நாளாக ஆக சிக்கு வாடை வரும். நல்லெண்ணெய் என்றால் பிசுபிசுப்பும் சேரும்.

உணவுத் தர மினரல் ஆயில் கெட்டுப்போகாது, மணமும் இல்லை. மருந்துக் கடையில் கிடைக்கும், வேறு மருந்து கலக்காத லிக்விட் பாரஃபின் இதே வகைதான். மெஷினுக்கு ஊற்றும் ஆயில் வேறு, குழப்பிக்காதீங்க. ஒரே குறை, கழுவக் கழுவப் போய்விடும். அவ்வப்போது தடவ வேண்டும். நாலு பங்கு எண்ணெயில் ஒரு பங்கு தேன் மெழுகை உருக்கிச் சேர்த்தால் கொஞ்சம் கூடுதலாகத் தாங்கும்.

ஆளி விதை எண்ணெய்: இங்கேதான் கவனம்!

இது காற்றுபட்டு இறுகும் எண்ணெய். கலப்படமில்லாதது என்றால் கிண்ணத்துக்கு நல்லது, ஆனால் காய வாரக்கணக்கில் ஆகும். ஹார்டுவேர் கடையில் ‘பாயில்டு’ என்ற பெயரில் விற்பதில், சீக்கிரம் காய கோபால்ட், மாங்கனீசு போன்ற உலோக உப்புகளைச் சேர்த்திருப்பார்கள். அது நாற்காலி, மேஜைக்கு. சாப்பாட்டுக் கிண்ணத்துக்கு வேண்டாம்.

இன்னொன்று. இந்த எண்ணெய் நனைந்த துணியைச் சுருட்டி மூலையில் போட்டால் தானாகவே சூடேறி தீப்பிடிக்கும்! விரித்துக் காயவையுங்கள், அல்லது தண்ணீரில் முக்கி வையுங்கள்.

அரக்கு, வார்னிஷ்?

மாத்திரை, மிட்டாய் மேலேகூட பூசுகிற பொருள்தான் அரக்கு. முந்திரி, பழம் வைக்கலாம். சூட்டையும் சோப்பையும் தாங்காது, அதனால் ரசத்துக்கு ஆகாது. வார்னிஷ் முழுசா இறுக ஒரு மாதம் வரை ஆகலாம். தின்னர் வாடை அடித்தால் இன்னும் காயவில்லை என்று அர்த்தம். கரண்டி பட்டு உரிய ஆரம்பித்த கிண்ணத்தைச் சாப்பாட்டுக்குப் பயன்படுத்தாதீர்கள்.

கிண்ணம் ஏற்கனவே பிசுபிசுன்னு இருக்கா? வெந்நீர், சோப்பு போட்டு சீக்கிரமா கழுவி, நிழலில் நன்றாக உலர்த்துங்கள். பிறகு மெல்லிய உப்புத்தாளால் தேய்த்து மினரல் ஆயில் தடவி, ஒரு ராத்திரி விட்டு மிச்சத்தைத் துடைத்துவிடுங்கள். தண்ணீரில் மட்டும் ஊறப் போட்டுடாதீங்க, விரிசல் விழும்.