அகமதாபாத் ஒலிநாடாக்கள்: இந்திய மின்னணு இசையின் தொடக்கம்

மின்னணு இசை என்றதும் திரைப்பாடல்களில் ஒலிக்கும் கீபோர்டுதான் பலருக்கும் நினைவுக்கு வரும். ஆனால் திரைப்படத்திற்கோ மேடைக்கோ அல்லாமல், ஒலியையே ஆராய்வதற்கென ஒரு மின்னணு இசைக்கூடம் 1969இலேயே இந்தியாவில் அமைந்தது. அகமதாபாத்தில் 1961இல் தொடங்கப்பட்ட தேசிய வடிவமைப்பு நிறுவனமே (என்.ஐ.டி.) அந்த இடம். அங்குப் பதிவான நாடாக்களிலிருந்து தேர்ந்தெடுத்த தொகுப்பு, 'தி என்.ஐ.டி. டேப்ஸ்' என்ற பெயரில் 2023இல் வெளிவந்தது. அண்மைக்கால இசை வெளியீடுகளில் வரலாற்று மாணவர்கள் அவசியம் கேட்க வேண்டியது இது.

கீதா சாராபாயும் டேவிட் டியூடரும்

இதன் வேர் 1946இல் நியூயார்க்கில் இருக்கிறது. பக்வாஜ் வாசிக்கக் கற்ற கீதா சாராபாய் அவ்வாண்டு அங்குச் சென்று, ஜான் கேஜ் என்ற இசையமைப்பாளரிடம் மேற்கத்திய இசை பயின்றார். கட்டணத்துக்குப் பதிலாகக் கேஜுக்கு இந்திய இசையைக் கற்பித்தார். இசையின் நோக்கம் மனத்தை அமைதிப்படுத்துவது என்று அவரிடம் கேட்டறிந்த கருத்து, கேஜின் பிற்காலச் சிந்தனையை ஆழமாகப் பாதித்தது. மேற்குலகமே கொடுத்தது, இந்தியா பெற்றுக்கொண்டது என்று இந்த வரலாற்றை எழுதுவது அதனால் பாதி உண்மைதான்.

இத்தொடர்பின் நீட்சியாக, கேஜின் நெருங்கிய கூட்டாளியான டேவிட் டியூடர் 1969இல் மூக் சின்தசைசர் ஒன்றுடன் அகமதாபாத் வந்து இசைக்கூடத்தை அமைத்தார். பழைய தொலைபேசி நிலையம் போலப் பல பெட்டிகளும், அவற்றை இணைக்கும் கம்பிகளும் கொண்ட கருவி அது. மின்னழுத்தத்தைக் கூட்டினால் சுருதி ஏறும், குறைத்தால் இறங்கும். ஒரு சுரத்திலிருந்து அடுத்த சுரத்துக்கு இழைந்து செல்ல இதனால் முடியும். ஆர்மோனியத்தால் அது முடியாது. கமகம் வராது என்ற குறையும் சேர்த்தே ஆர்மோனியம் 1940இல் அகில இந்திய வானொலியில் தடை செய்யப்பட்டது. டியூடர் வந்த ஆண்டில் அந்தத் தடை நீங்கியிருக்கவில்லை என்பது வேடிக்கையான பொருத்தம்.

நாடாக்களில் உள்ளவை

கீதா சாராபாய், ஐ.எஸ். மாத்தூர், அதுல் தேசாய், எஸ்.சி. சர்மா, ஜின்ராஜ் ஜோஷிபுரா ஆகியோரின் ஆக்கங்கள் தொகுப்பில் உள்ளன. எல்லாமே தேர்ந்த படைப்புகள் அல்ல. சில, புதுக் கருவியின் திருகுகளை ஒவ்வொன்றாகத் திருப்பிப் பார்க்கும் பயிற்சிகளே. ஆனால் அந்தத் தடுமாற்றத்தையும் மறைக்காமல் வெளியிட்டதால்தான் இது ஆவணமாகிறது. சர்மாவின் நடன இசையில் தாளம் முன்னே நிற்கிறது. ஜோஷிபுராவின் ஆக்கங்கள் விண்வெளிப் பயணத்தைக் கற்பனை செய்கின்றன. மாத்தூர் ஒரு படைப்பின் தலைப்பிலேயே தம்புராவை நினைவுகூர்கிறார்.

மேற்கில் 1978இல் பிரையன் ஈனோ விமான நிலையங்களுக்கான இசைத்தொகுப்பை வெளியிட்ட பிறகு, 'ஆம்பியன்ட்' எனும் சூழலிசை தனி வகையாகப் பெயர் பெற்றது. விட்டு விலகாத ஒரே ஒலி, மெல்ல மாறும் நிறம் ஆகியவை அதன் இயல்புகள். நாகசுரத்துக்குத் துணையாக ஒத்து ஊதுவதைக் கேட்டு வளர்ந்தவர்களுக்கு இது அந்நியமாகத் தோன்றாது. உத்திரமேரூர் வட்டாரம் போன்ற ஊர்ப்புறங்களிலும் இன்று ஒத்துக்குப் பதில் மின்னணுச் சுருதிப்பெட்டி ஒலிக்கக் கேட்கலாம். கிராமத்துக் கோயில் வரை வந்து சேர்ந்த மின்னணு ஒலி அதுவே எனலாம்.

சரண்ஜித் சிங்

அகமதாபாத் முயற்சி 1970களின் தொடக்கத்திலேயே ஓய்ந்துவிட்டது. அதோடு தொடர்பில்லாமல், மும்பைத் திரையிசைக் கலைஞர் சரண்ஜித் சிங் 1982இல் பத்து ராகங்களை டிஸ்கோ தாளத்தில் சின்தசைசரில் வாசித்து வெளியிட்டார். யமன் (நம் கல்யாணி), பூபாளி (மோகனம்), மால்கௌன்ஸ் (இந்தோளம்) ஆகியவை அவற்றுள் அடங்கும். அன்று விற்காத அந்த இசைத்தட்டு 2010இல் மறுவெளியீடு கண்டதும், சிகாகோவில் பிறந்த 'ஆசிட் ஹவுஸ்' இசைக்கு இதுவே முன்னோடி என்று பலர் எழுதினர். இது மிகையான கூற்று. கருவிகள் ஒன்றே; ஆனால் சிகாகோ இளைஞர்கள் இந்தத் தட்டைக் கேட்டதாகச் சான்றில்லை. பெட்டியின் தாளம் சில இடங்களில் ராகத்தை மூச்சுவிட விடவில்லை என்பதும் உண்மை. எனினும் சுரங்கள் வழுக்கிச் செல்லும் அழகு இன்றும் வியப்பூட்டுகிறது. சிங் 2015இல் மறைந்தார்.

நாடாக்கள் தப்பியது

லண்டன் இசைக்கலைஞர் பால் பர்கஸ் தேசிய வடிவமைப்பு நிறுவன ஆவணக்காப்பகத்தில் 27 நாடாச் சுருள்களைக் கண்டெடுத்திராவிட்டால் மேற்சொன்ன வரலாறு கிடைத்திருக்காது. காந்தநாடா என்பது மெல்லிய நெகிழிப் பட்டையின்மேல் பூசிய இரும்பு ஆக்சைடு. ஈரமும் வெப்பமும் பட்டால் பூச்சு உதிரும், பூஞ்சை பிடிக்கும். பராந்தக சோழன் காலத்து உத்திரமேரூர்க் கல்வெட்டை ஆயிரம் ஆண்டுகளுக்குப் பிறகும் படிக்க முடிகிறது. 50 ஆண்டு நாடாவுக்கு அந்த உறுதி இல்லை. திருவிழா நாகசுரமும் தெருக்கூத்தும் பதிவான கேசட்டுகள் ஊர்தோறும் வீட்டுப் பரண்களில் இதே நிலையில்தான் கிடக்கின்றன. அவற்றை ஓட்டிப் பார்க்கும் டேப்ரெக்கார்டர்களும் குறைந்து வருகின்றன.