சாலை, ஆலை, பாசறை: சென்னையின் மேற்கே மூன்று ஊர்கள்

பூந்தமல்லி, அம்பத்தூர், ஆவடி மூன்றும் இன்று சென்னையின் மேற்குப் புறநகர்கள் என்று ஒரே மூச்சில் சொல்லப்படுகின்றன. ஆனால் மூன்றும் ஒரே வழியில் வளர்ந்தவை அல்ல. பூந்தமல்லியை நெடுஞ்சாலையும், அம்பத்தூரைத் தொழிற்சாலைகளும், ஆவடியை ராணுவமும் பெரிதாக்கின. பள்ளிகளும் மருத்துவமனைகளும் பெரும்பாலும் இந்தக் காரணங்களை ஒட்டியே எழுந்தன. மாநகரம் இவற்றை வந்து தொட்டது கடைசியில்தான்.

இந்தப் பகுதியின் பழைய அடையாளங்கள் கோயில்களும் ஏரிகளும். பாடியில் உள்ள திருவலிதாயம் சம்பந்தர் பாடிய தலம். திருமுல்லைவாயில் சுந்தரர் பாடியது. வேட்டைக்கோ போருக்கோ சென்ற தொண்டைமானின் யானைக் காலில் முல்லைக்கொடி சுற்றியதாகவும், கொடியை வாளால் வெட்டியபோது அடியிலிருந்த லிங்கத்தில் வெட்டுப்பட்டு ரத்தம் பெருகியதாகவும் தலபுராணம் சொல்லும். அதனால் மாசிலாமணீசுவரர் திருமேனி எப்போதும் சந்தனக் காப்பிலேயே இருக்கிறது. மற்ற சிவாலயங்களில் சுவாமியைப் பார்த்திருக்கும் நந்தி, இங்கே மன்னனுக்குத் துணையாகப் போருக்குப் புறப்பட்ட கோலத்தில் சுவாமிக்கு முதுகு காட்டி அமர்ந்திருக்கிறது. சன்னதி முன் நிற்கும் இரண்டு எருக்கந்தூண்கள், அந்தப் போரில் தோற்ற குறும்பரிடமிருந்து தொண்டைமான் கொண்டுவந்தவை என்பது வழக்கு.

மூன்று ஊர்களில் வரலாற்றில் முதலில் பெயர் பெற்றது பூந்தமல்லி. ராமானுசரின் வழிகாட்டிகளில் ஒருவரான திருக்கச்சி நம்பிகள் 11ஆம் நூற்றாண்டில் இங்கே பிறந்தார். நந்தவனம் அமைத்து, பூ பறித்து, காஞ்சி வரதராசருக்கு எடுத்துச் சென்றவர் அவர். ஊரிலுள்ள வரதராசப் பெருமாள் கோயில் அவர் நினைவோடு இணைந்தது. 17ஆம் நூற்றாண்டில் பூந்தமல்லி, விசயநகரப் பேரரசின் கீழிருந்த நாயக்கர்களின் இருப்பிடம். 1639இல் கிழக்கிந்தியக் கம்பெனிக்குக் கடற்கரையில் இடம் கிடைக்கக் காரணமானவர் தாமல் வேங்கடப்ப நாயக்கர். அவருடைய தம்பி அய்யப்ப நாயக்கர் பூந்தமல்லியில் இருந்தபடி அந்தக் குடியேற்றத்துக்கு ஆதரவு தந்தார். சென்னை நகரம் உருவாகும் முன்பே பூந்தமல்லி அதிகாரம் நடந்த ஊர் என்பதற்கு இதுவே சான்று.

அந்தக் குடியேற்றத்தின் கோட்டையிலிருந்து மேற்கே சென்ற வழி பூந்தமல்லி நெடுஞ்சாலை ஆயிற்று. அதன் நகரப் பகுதி இப்போது பெரியார் ஈ.வெ.ரா. நெடுஞ்சாலை. ஆங்கிலேயர் காலத்தில் பூந்தமல்லியில் படைவீரர் முகாம் இருந்தது. ஊருக்குள் ஓடும் சாலைக்கு டிரங்க் ரோடு என்ற பெயர் நிலைத்தது. பின்னாளில் பொதுச் சுகாதார நிறுவனமும் பார்வையற்றோருக்கான அரசு மேல்நிலைப் பள்ளியும் இங்கே அமைந்தன. ராஜீவ் காந்தி கொலை வழக்கை விசாரித்த தடா நீதிமன்றமும் பூந்தமல்லியில்தான் இயங்கியது. 1998 ஜனவரி 28 அன்று 26 பேருக்கு அது மரண தண்டனை விதித்தபோது நாடு முழுவதும் ஊரின் பெயர் அடிபட்டது.

தென்னிந்தியாவின் முதல் ரயில் 1856 ஜூலை 1 அன்று ராயபுரத்திலிருந்து வாலாஜா ரோடுக்கு ஓடியது. அந்தப் பாதை பூந்தமல்லியைத் தொடாமல் வடக்கே அம்பத்தூர், ஆவடி வழியாகச் சென்றது. ஏரிப் பாசனத்தை நம்பிய இந்த ஊர்களுக்கு உடனே பெரிய மாற்றம் வந்துவிடவில்லை. தண்டவாளத்தின் பலன் கிடைக்க ஏறத்தாழ ஒரு நூற்றாண்டு ஆனது.

அம்பத்தூரின் திருப்பம் 1949இல் முருகப்பா குழுமமும் இங்கிலாந்தின் டியூப் இன்வெஸ்ட்மென்ட்ஸ் நிறுவனமும் சேர்ந்து தொடங்கிய டி.ஐ. சைக்கிள்ஸ். ஹெர்குலஸ், பி.எஸ்.ஏ. சைக்கிள்கள் இங்கிருந்து வந்தன. அடுத்து டன்லப் டயர் ஆலை வந்தது. 1960களில் பாடியில் டி.வி.எஸ். குழுமத்தின் லூகாஸ் டி.வி.எஸ்., வீல்ஸ் இந்தியா, பிரேக்ஸ் இந்தியா, சுந்தரம் கிளேட்டன் ஆகியவை எழுந்தன. அதே காலத்தில், ஆர். வெங்கடராமன் தொழில்துறை அமைச்சராக இருந்தபோது, அம்பத்தூர் தொழிற்பேட்டை உருவானது. பெரிய ஆலை ஒன்றுக்கு வேண்டிய திருகையும் வார்ப்பையும் ரப்பர் வளையத்தையும் பக்கத்துத் தெருவின் லேத் பட்டறையே செய்து கொடுக்க முடிந்தது. இந்த ஏற்பாடுதான் 'எஸ்டேட்'டை வளர்த்தது. ஆலைகள் பேருந்து நிறுத்தங்களுக்கும் பெயர் தந்தன. டன்லப், பிரிட்டானியா என்று சொன்னால் நடத்துநருக்குப் போதும். முருகப்பா குழுமத்தின் அறக்கட்டளை, டியூப் இன்வெஸ்ட்மென்ட்ஸ் தலைவராக இருந்தவரின் பெயரில் சர் ஐவன் ஸ்டெட்ஃபோர்ட் மருத்துவமனையை இங்கே நிறுவியது.

ஆவடி இரண்டாம் உலகப் போரின்போது ராணுவத் தளவாடக் கிடங்காக வளர்ந்தது. 1955 ஜனவரியில் யு.என். தேபர் தலைமையில் காங்கிரஸ் மாநாடு இங்கே கூடி, சோஷலிச பாணிச் சமுதாயமே லட்சியம் என்று தீர்மானித்தது. அப்போது முதலமைச்சர் காமராசர். மாநாட்டுத் திடலுக்கு அவருடைய அரசியல் குரு சத்தியமூர்த்தியின் பெயர் சூட்டப்பட்டது. 1957இல் தொடங்கிய முருகப்பா பாலிடெக்னிக்கின் முகவரியில் சத்தியமூர்த்தி நகர் என்ற பெயர் இன்றும் உண்டு. சுற்றியிருந்த ஆலைகளுக்கு வேண்டிய தொழில்நுட்பப் பணியாளர்களை அது உருவாக்கியது.

1961இல் கனரக வாகனத் தொழிற்சாலைக்கு ஆவடி தேர்வானது. பிரிட்டனின் விக்கர்ஸ் நிறுவன வடிவமைப்பில், 105 மி.மீ. பீரங்கி பொருத்திய விஜயந்தா டாங்கி 1965இல் இங்கிருந்து வெளிவந்தது; 1971 போரிலும் களமிறங்கியது. பிறகு டி-72, டி-90 டாங்கிகளும், ஆவடி ஆய்வகத்தில் வடிவமைக்கப்பட்ட அர்ஜுனும் இங்கே உருவாயின. ராணுவ உடைத் தொழிற்சாலையும் இன்ஜின் தொழிற்சாலையும் அருகிலேயே அமைந்தன. பல மாநிலத்தவர் வேலைக்கு வந்ததால் கேந்திரிய வித்யாலயா பள்ளிகள் தேவைப்பட்டன. தொழிற்சாலைக் குடியிருப்பின் பள்ளியோ டாங்கியின் பெயரையே வைத்துக்கொண்டு விஜயந்தா பள்ளி ஆனது. உயர்கல்விக்குப் பக்கத்துப் பட்டாபிராமில் 1969இல் இந்துக் கல்லூரி திறக்கப்பட்டது.

1979இல் திருவள்ளூர் வரை மின்சார ரயில் வந்தபின், சென்னையில் வேலை பார்ப்பவர்கள் இந்தத் தடத்தில் மனை வாங்கத் தொடங்கினர். முகப்பேரில் வீட்டுவசதி வாரியக் குடியிருப்புகள் பெருகின. வயல்கள் மனைகளாயின; கொரட்டூர், அம்பத்தூர் ஏரிகளின் கரைகளை வீடுகள் நெருங்கின. 2011இல் அம்பத்தூர் சென்னை மாநகராட்சியில் சேர்ந்தது. ஆவடி 2019இல் தனி மாநகராட்சியாகி, 2022இல் தனிக் காவல் ஆணையரகமும் பெற்றது. ரயில் தொடாத பூந்தமல்லிக்கு, கலங்கரை விளக்கத்திலிருந்து வரும் மெட்ரோ தடம் வகுக்கப்பட்டது.