ஹிக்மீயா

ஹிக்மீயா என்பது மூஞ்சூறைக் குறிக்கும் சிங்களச் சொல். ‘மீயா’ எலியைக் குறிக்கும். தமிழில் வழங்கும் ‘மூஞ்செலி’யும் இதே போக்கில் அமைந்தது: நீண்ட மூஞ்சியையும் எலி போன்ற உடலையும் சேர்த்துச் சொல்கிறது. ஆயினும் மூஞ்சூறு எலியினம் அன்று. கொறிக்கும் பற்கள் அதற்கில்லை. பூச்சிகளே அதன் முதன்மை உணவு.

2007இல் இலங்கையிலிருந்து புதிதாக விவரிக்கப்பட்ட பாலூட்டிக்குக் குரோசிடூரா ஹிக்மியா என்ற அறிவியற்பெயர் சூட்டப்பட்டபோது இச்சொல் உலக வழக்கில் ஏறியது. பின்னாளில் பேராதனைப் பல்கலைக்கழகத்தில் பணியாற்றிய விலங்கியலாளர் சுயாமா மீகஸ்கும்புரவும் பிறரும் இதனை விவரித்தனர். பெயரின் முன்பகுதியான ‘குரோசிடூரா’ கிரேக்கத்திலிருந்து வந்தது. வாலில் கம்பளிப் பிசிர்போல் நீண்டு நிற்கும் மயிர்களைச் சுட்டும். இது பேரினப் பெயர். ‘ஹிக்மியா’ சிற்றினப் பெயர்.

இதன் நெருங்கிய உறவினம் குரோசிடூரா மியா. அதனை 1929இல் டபிள்யூ. டபிள்யூ. ஏ. பிலிப்ஸ் விவரித்தார், அதன் பெயரிலும் சிங்கள ‘மீயா’வே உள்ளது. அது மத்திய மலைநாட்டுக்கு உரியது. ஹிக்மியாவோ சிங்கராஜா, மோர்னிங்சைட் ஆகிய தென்மேற்கு மழைக்காடுகளில் பதிவாகியது. தோற்றத்தில் ஒத்த இவ்விரண்டும் உடலமைப்பு வேறுபாடுகளாலும் மரபணு ஒப்பீட்டாலும் தனிச் சிற்றினங்களெனப் பிரித்தறியப்பட்டன.