காரின் தோலும் துருவும்: ஒரு குட்டி வரலாறு

கார்களின் வரலாறு எழுதுகிறவர்கள் பெரும்பாலும் எஞ்சினைப் பற்றி எழுதுவார்கள், இல்லையென்றால் விலையைப் பற்றி. மேலே இருக்கும் தகரத்தைப் பற்றி யாரும் அதிகம் பேசுவதில்லை. ஆனால் கார் வைத்திருப்பவர்களிடம் உட்கார்ந்து பேசிப் பாருங்கள். கதவு சரியாகச் சாத்தவில்லை, மழை பெய்தால் காலடியில் தண்ணீர் நிற்கிறது, கதவுக்குக் கீழே துரு, கூரையில் பெயின்ட் வெளுத்துவிட்டது... பாதிப் புலம்பல் இப்படித்தான் இருக்கும். இந்தப் புலம்பலுக்கும் ஒரு வரலாறு இருக்கிறது. அதைத்தான் இந்தப் பதிவில் சொல்லப் பார்க்கிறேன். பி.காம் படிக்கிறவன் என்பதால் நடுநடுவே கணக்குப் புத்தகம் எட்டிப் பார்க்கும், பொறுத்துக்கொள்ளுங்கள் :)

சிவகாசியில் இருந்தே ஆரம்பிக்கலாம். 1922-ல் அய்ய நாடாரும் சண்முக நாடாரும் கல்கத்தா போய்த் தீப்பெட்டித் தொழில் கற்று வந்த கதை எங்கள் பக்கம் எல்லோருக்கும் தெரியும். அந்தத் தொழில் இங்கே வேர் பிடித்ததற்கு ஒரு முக்கியக் காரணம், மழை குறைந்த இந்த வறண்ட காற்று. குச்சி காய வேண்டும், மருந்து காய வேண்டும், ஒட்டிய தாள் காய வேண்டும். விவசாயத்தைக் கெடுத்த வெயில் தீப்பெட்டியையும் பட்டாசையும் வளர்த்தது. அதே வெயில்தான் எங்கள் ஊர்க் கார்களைத் துருவில் இருந்து ஓரளவு காப்பாற்றவும் செய்கிறது.

காரணம் எளிது. இரும்பு துருப்பிடிக்கக் காற்றும் ஈரமும் வேண்டும். உப்பு சேர்ந்தால் வேகம் பல மடங்காகும். அதனால்தான் தூத்துக்குடி, ராமேஸ்வரம், சென்னைக் கடற்கரைப் பக்கம் ஓடிய பழைய காரை வாங்கப் போகிறவர்கள் எஞ்சினைக் கேட்பதற்கு முன்னால் காலடி மிதியடியைத் தூக்கிப் பார்க்கிறார்கள். விருதுநகர்ப் பக்கத்து வண்டி என்றால் அந்தப் பயம் கொஞ்சம் குறைவு. ஆனால் வெயில் சும்மா விடாது. முதலில் கூரையிலும் பானட்டிலும் பெயின்ட் வெளுக்கும். கண்ணாடியைச் சுற்றி இருக்கும் ரப்பர் பீடிங் காய்ந்து வெடிக்கும். ஐப்பசியில் மழை வரும்போது அந்த வெடிப்பு வழியாகத் தண்ணீர் உள்ளே இறங்கும். போர் தண்ணீரில் கழுவினால் வெள்ளை வெள்ளையாக உப்புப் பொட்டு. ஆக, வறண்ட ஊர்க் காருக்கும் நோய் உண்டு, நோயின் பெயர்தான் வேறு.

பட்டாசுக்கும் கார் பெயின்ட்டுக்கும் ஒரு சொந்தம்

இது எனக்குத் தெரிய வந்தபோது ஆச்சரியமாக இருந்தது. நம் ஊரில் பெயின்ட்டர்கள் இன்றும் 'டூக்கோ பெயின்ட்' என்கிறார்கள். மர வேலைக்காரர்கள் கூடச் சொல்வார்கள். டூக்கோ என்பது அமெரிக்காவின் டூபான்ட் கம்பெனி வைத்த பெயர். அந்தக் கம்பெனி 1802-ல் தொடங்கியபோது செய்த சரக்கு என்ன தெரியுமா? வெடிமருந்து. வெடியுப்பு, கந்தகம், கரி என்று நம் ஊரில் எல்லோருக்கும் தெரிந்த அதே மூன்று. பிறகு புகையில்லாத வெடிமருந்துக்காக நைட்ரோ செல்லுலோஸ் செய்தார்கள். முதல் உலகப் போர் முடிந்ததும் வெடிமருந்துக்குக் கிராக்கி போய்விட்டது. அதே நைட்ரோ செல்லுலோஸைக் கரைத்துக் கார் பெயின்ட் ஆக்கினார்கள். ஜெனரல் மோட்டார்ஸ் 1920களின் நடுவில் அதைக் கார்களில் அடிக்க ஆரம்பித்தது.

அதுவரை வண்ணம் அடித்த கார் காய்வதற்கு வாரக் கணக்கில் ஆகும். ஃபோர்டின் மாடல் டி 1914 முதல் 1925 வரை கறுப்பில் மட்டுமே வந்ததற்கு அந்தக் கறுப்பு மலிவானது, உழைக்கும், அடுப்பில் வைத்தால் சீக்கிரம் காயும் என்பதே காரணமாகச் சொல்லப்படுகிறது. டூக்கோ வந்தபின் எந்த நிறமும் சில மணி நேரத்தில் காய்ந்தது. காரின் பளபளப்பும் பட்டாசின் வெடிப்பும் ஒரு வகையில் பங்காளிகள்.

மூன்று கார்கள், மூன்று வியாதிகள்

சுதந்திரத்துக்குப் பிறகு பல வருஷம் இந்தியர்களுக்குக் கிடைத்தவை முக்கியமாக மூன்று கார்கள். கல்கத்தா பக்கத்தில் உத்தர்பாராவில் செய்த அம்பாசடர், பம்பாய் குர்லாவில் செய்த ஃபியட் (1970களில் இதுவே பிரீமியர் பத்மினி ஆனது), நம் சென்னையில் செய்த ஸ்டாண்டர்ட் ஹெரால்டு. ஸ்டாண்டர்ட் என்றால் எங்கள் பக்கம் பட்டாசுதான் ஞாபகம் வரும், ஆனால் இது வண்டலூர்ப் பக்கம் இருந்த ஸ்டாண்டர்ட் மோட்டார் கம்பெனி. இரண்டுக்கும் சம்பந்தம் இல்லை.

அம்பாசடர் பிரிட்டனின் மாரிஸ் ஆக்ஸ்ஃபோர்டு காரின் அச்சு. 1950களின் கடைசியில் வந்து 2014 வரை ஓடியது. கனத்த தகரம், அடி வாங்கினாலும் தாங்கும். ஆனால் கதவு இடைவெளி ஒரு பக்கம் விரல் நுழையும், இன்னொரு பக்கம் தாள் நுழையாது. கண்ணாடி பீடிங் வழியாக மழை ஒழுகும். ஹாரனைத் தவிர எல்லாமே சத்தம் போடும் கார் என்ற பழைய ஜோக் சும்மா வரவில்லை. ஃபியட்டில் கதவுக்குக் கீழே ஓடும் பெட்டி போன்ற பகுதியும் கதவின் அடி ஓரமும்தான் முதலில் அரிக்கும். உள்ளே தேங்கும் சேற்றுத் தண்ணீர் வெளியே தெரியாது. பெயின்ட் கொப்பளித்து நமக்குத் தெரியும்போது உள்ளே தகரம் போயிருக்கும்.

ஹெரால்டின் கதைதான் சுவாரஸ்யம். பிரிட்டனில் ஸ்டாண்டர்ட் கம்பெனிக்குத் தகர உடம்பு செய்து கொடுத்து வந்த ஃபிஷர் அண்ட் லட்லோ நிறுவனத்தை 1953-ல் போட்டிக் கம்பெனியான பி.எம்.சி வாங்கிவிட்டது. ஒரே துண்டாக உடம்பு செய்ய வழியில்லை. அதனால் தனிச் சேசிஸ் போட்டு, உடம்பைத் துண்டு துண்டாகச் செய்து போல்ட் போட்டு இணைத்தார்கள். அதற்கு அழகான உருவம் கொடுத்தவர் இத்தாலியின் மிக்கெலோட்டி. அங்கே 1959-ல் வந்த கார் இங்கே 1961-ல் வந்தது. நான்கு கதவு வைத்த ஹெரால்டு நம் சென்னையில் மட்டுமே செய்தது. துண்டுகளை இணைத்த உடம்பு என்பதால் இணைப்புகளில் சத்தம், ஒழுகல், இடைவெளி. ஆனால் அதே காரணத்தால் ஒரு நன்மையும் இருந்தது. மட்கார்டு நசுங்கினால் வெட்ட வேண்டாம், கழற்றி மாட்டலாம். குறையே வசதியாகவும் இருந்த கார் அது.

ஏன் சரி செய்யவில்லை?

மக்கள் புகார் சொல்லவில்லையா? சொன்னார்கள். கார்களின் தரத்தைப் பற்றி விசாரிக்க 1967-ல் மத்திய அரசே ஒரு குழு போடும் அளவுக்குப் புகார் இருந்தது. ஆனாலும் பெரிதாக எதுவும் மாறவில்லை.

இங்கேதான் காமர்ஸ் வருகிறது. லைசென்ஸ் முறையில் எத்தனை கார் செய்யலாம் என்பதை அரசு சொன்னது. வாங்க நினைப்பவர்கள் பணம் கட்டி வருஷக் கணக்கில் காத்திருந்தார்கள். கையில் கிடைத்த புதுக் காரை அப்படியே கூடுதல் விலைக்கு விற்க ஆள் இருந்த காலம். கதவு சாத்தவில்லை என்று ஒருவர் வேண்டாம் என்றால் அடுத்தவர் வரிசையில் நிற்கிறார். அப்புறம் எந்தக் கம்பெனி அச்சு மாற்றச் செலவழிக்கும்?

கம்பெனிகள் பக்கமும் ஒரு நியாயம் உண்டு, அதையும் சொல்லிவிட வேண்டும். 1969-ல் அரசு கார் விலையைச் சட்டப்படி நிர்ணயித்தது. மூன்று கம்பெனிகளும் உச்ச நீதிமன்றம் போய் 1971-ல் தீர்ப்பு வாங்கின. விலையை ஏற்ற முடியாது, போட்டி கிடையாது, புது அச்சுக்கும் புதுப் பெயின்ட் கூடத்துக்கும் பணம் எங்கிருந்து வரும் என்பது அவர்கள் கேள்வி. ஒரு பக்கம் விலையைக் கட்டிவிட்டு இன்னொரு பக்கம் தரத்தைக் கேட்டால் எது வரும்?

சரி, அந்தக் குறைகளின் செலவு எங்கே போனது? காணாமல் போகவில்லை. அது டிங்கர் கடைக்குப் போனது.

பட்டி டிங்கரிங்

பழைய பொருளைப் புதுசு மாதிரி ஆக்குவதற்கு நாம் 'பட்டி டிங்கரிங் பார்த்தாச்சு' என்று கிண்டலாகச் சொல்வோம். அந்தச் சொல்லுக்குள் ஒரு பெரிய தொழிலே இருக்கிறது. நசுங்கிய தகரத்தைச் சுத்தியலும் அடிக்கட்டையும் வைத்துத் தட்டி நேராக்குவது, அரித்த இடத்தை வெட்டி கேஸ் வெல்டிங்கில் புதுத் துண்டு வைப்பது, மேடுபள்ளத்துக்குப் பட்டி பூசுவது, தண்ணீர்த் தாள் போட்டுத் தேய்ப்பது, பிரைமர், பிறகு பெயின்ட். ஒவ்வொரு ஊரிலும் பஸ் ஸ்டாண்டு தாண்டி ஒரு வேப்பமரத்தடியில் இந்த வேலை நடந்தது.

எங்கள் ஊரில் வயதான டிங்கர் ஒருவரிடம் பழைய கார் வாங்கும்போது எதைப் பார்க்க வேண்டும் என்று கேட்டேன். "காந்தம் ஒண்ணு வச்சுக்கோ தம்பி. தகரத்துல ஒட்டும், பட்டியில ஒட்டாது. விரலால தட்டிப் பாரு, டங்குன்னா தகரம், டொக்குன்னா பட்டி. மத்ததெல்லாம் ஓனர் சொல்ற கதை" என்றார். "உங்க காலத்துல எந்த அண்ணாச்சியாவது கம்பெனி மேல புகார் எழுதினாங்களா?" என்றேன். சிரித்துவிட்டார். "கார் கெடச்சதே பெருசு. இதுல புகார் வேறயா?"

கணக்குப் புத்தகத்தில் இதை எப்படி எழுதுவது? இன்று ஒரு கம்பெனி வாரண்டி கொடுத்தால், வரப்போகும் பழுதுச் செலவுக்காக இப்போதே ஒரு தொகையை ஒதுக்கி வைக்க வேண்டும். அது கம்பெனியின் இருப்புநிலைக் குறிப்பில் தெரியும். அன்றைக்கு அந்தச் செலவில் பெரும்பகுதி கம்பெனிக் கணக்கில் இல்லை. கார்க்காரரின் சட்டைப் பையிலும் டிங்கரின் தோள்வலியிலும் இருந்தது.

வெளிநாட்டில் என்ன நடந்தது?

துரு இந்தியாவுக்கு மட்டும் வந்த வியாதி அல்ல. கனடாவில் பனியை உருக்கச் சாலையில் உப்புக் கொட்டுவார்கள். அங்கே 1970களில் ஃபோர்டு கார்கள் சீக்கிரம் அரித்தபோது உரிமையாளர்கள் 'துருப்பிடித்த ஃபோர்டு உரிமையாளர் சங்கம்' என்றே பெயர் வைத்துச் சேர்ந்தார்கள். ஃபில் எட்மன்ஸ்டன் என்பவர் முன்னால் நின்றார். கம்பெனி இழப்பீடு கொடுக்க வேண்டி வந்தது. பிரிட்டனில் 1980-ல் லான்சியா பீட்டா காரில் எஞ்சினைத் தாங்கும் சட்டமே துருப்பிடித்தது செய்தியாகி, கம்பெனி கார்களைத் திரும்ப வாங்கியது. அந்தப் பெயர் அங்கே கடைசிவரை எழுந்திருக்கவில்லை.

இந்த அடிகளுக்கு நடுவில்தான் தொழில்நுட்பமும் மாறியது. போர்ஷே 1970களின் நடுவில் துத்தநாகம் பூசிய தகரத்துக்கு மாறித் துருவுக்கு எதிராக உத்தரவாதம் கொடுத்தது. முழு உடம்பையும் தொட்டியில் முக்கி மின்சாரத்தால் பிரைமர் ஏற்றும் முறை பரவியது. கை போகாத பெட்டிக்குள்ளும் பூச்சு போகும். ஃபியட்டின் கதவடி நோய்க்கு மருந்து அதுதான்.

இந்தியாவில் அந்த மருந்து வந்தது போட்டியோடு. 1983 டிசம்பரில் மாருதி 800 வந்தது. தகரம் மெல்லிசு, 'தீப்பெட்டி' என்று கிண்டல் செய்தார்கள். ஆனால் கதவு சாத்தியது, மழை உள்ளே வரவில்லை. அம்பாசடர், பத்மினியின் சந்தை சுருங்கத் தொடங்கியது. சென்னை ஸ்டாண்டர்ட் 1985-ல் ரோவரின் உடம்புக்குள் பழைய எஞ்சினை வைத்து ஸ்டாண்டர்ட் 2000 என்று விட்டுப் பார்த்தது, சில வருஷத்தில் நின்றுபோனது. 1998-ல் ஸ்ரீபெரும்புதூரில் இருந்து சான்ட்ரோ வந்தபோது ஆட்டமே மாறிவிட்டது.

இன்று யார் தலையில்?

சட்டமும் மாறியிருக்கிறது. 1930-ம் வருஷ சரக்கு விற்பனைச் சட்டம் பாடத்தில் 'வாங்குகிறவரே எச்சரிக்கையாக இரு' என்ற கொள்கையைப் படிக்கிறோம். 1986-ல் நுகர்வோர் பாதுகாப்புச் சட்டம் வந்து 'குறைபாடு' என்பதற்கே விரிவான விளக்கம் கொடுத்தது. 2019-ல் அதன் இடத்தில் வந்த புதுச் சட்டம் தயாரிப்பாளரின் பொறுப்பைத் தனி அத்தியாயமாகவே வைத்தது. அதே 2019-ல் மோட்டார் வாகனச் சட்டத்தில் 110-ஏ என்ற பிரிவு சேர்ந்தது. குறிப்பிட்ட அளவு உரிமையாளர்கள் ஒரே குறையைப் புகார் செய்தால் கார்களைத் திரும்ப அழைக்க அரசு உத்தரவிடலாம். 1967-ல் குழு போட்டும் கிடைக்காத பலம் இது.

ஆனால் ஒன்றைக் கவனியுங்கள். அந்தப் பிரிவு ஓட்டுநருக்கோ பயணிக்கோ சாலையில் போகிறவருக்கோ சுற்றுச்சூழலுக்கோ தீங்கு தரும் குறைக்குத்தான். பெயின்ட் உரிவதும் கதவு ஒழுகுவதும் யாரையும் கொல்வதில்லை. அதனால் காரின் தோலில் வரும் குறைக்குப் பெரும்பாலும் வாரண்டிப் புத்தகமும் நுகர்வோர் கோர்ட்டும்தான் கதி. புத்தகத்தைத் திறந்தால் ரப்பர், பெயின்ட் வெளுப்பு, வெளிச்சூழல் பாதிப்பு என்று விலக்குகள் பொடி எழுத்தில் இருக்கும். எங்கள் ஊர் வெயிலில் முதலில் போவதும் அவைதான்!

இன்னொரு பக்கம், டிங்கர் கடைகள் குறைகின்றன. இப்போது தட்டி எடுப்பதில்லை, நசுங்கினால் பேனலையே மாற்றுகிறார்கள், பில் இன்ஷூரன்ஸுக்குப் போகிறது. அதனால் செலவு குறைந்ததா? இல்லை, பிரீமியத்தில் எல்லோரும் பங்கு போட்டுக் கட்டுகிறோம்.

குறை இல்லாத கார் எந்தக் காலத்திலும் இருந்ததில்லை. மாறி வந்ததெல்லாம் அந்தக் குறையின் பில்லை யார் கட்டுவது என்பதுதான். அதைக் கம்பெனி பக்கம் கொஞ்சம் நகர்த்தியவை இரண்டு: வேறு கார் வாங்க முடியும் என்ற நிலை, சேர்ந்து எழுதிய புகார். எனவே வண்டி எடுக்கும் நாளில் வாரண்டியின் பொடி எழுத்தைப் படியுங்கள், கூரையையும் கதவடியையும் தேதியோடு போட்டோ எடுத்து வையுங்கள், குறை கண்டால் வாயால் சொல்லாமல் எழுத்தில் கொடுங்கள். உங்கள் வீட்டில் ஹெரால்டோ ஃபியட்டோ இருந்திருந்தால் அதில் முதலில் போனது எது என்று சொல்லுங்கள், தெரிந்துகொள்ள ஆசை.